கடாரத்தில் ஓட்டுக் கூரை

தமிழில் ஓடு என்னும் சொல்லுக்குப் பொருள் பல. ஆமையின் முதுகில் இருப்பதும் ஓடு. தேங்காயின் பருப்பைக் காப்பதும் ஓடு. மூளையைக் காக்கும் எலும்பும் ஓடு. இரப்போன் கையிலுள்ள கலமும் உடைந்த பானையின் சில்லும் ஓடே. வீட்டின் மேல் அடுக்கப்படும் சுட்ட மண் தகட்டுக்கும் நம் முன்னோர் அப்பெயரையே வழங்கினர். உள்ளிருக்கும் மென்மையானதை வெளியிருக்கும் வன்மையானது காத்தலின் அப்பெயர் பொருத்தமானதே. ஆனால் ஆமையின் ஓடு உயிரோடு சேர்ந்து தானே வளர்கிறது. வீட்டின் ஓட்டுக்கு அந்தப் பேறு இல்லை. அதை ஏறிப் பார்க்க ஒரு கை வேண்டும். கெடா மாநிலத்தின் தொல்லிடங்களிலும் நகரங்களிலும் தோட்டங்களிலும் ஓட்டுக் கூரை நின்ற வரலாற்றையும் விழுந்த வரலாற்றையும் ஆராய்ந்தால், ஓட்டின் ஆயுள் மண்ணின் உறுதியால் மட்டும் அமைவதன்று என்பது விளங்கும்.

சோழன் மாளிகையும் கடாரத்துக் கோயிலும்

தமிழர் சுட்ட ஓட்டைப் பயன்படுத்தியது பிற்கால வழக்கமன்று. வைகைக் கரையிலுள்ள கீழடியில் நடந்த அகழாய்வுகளில் செங்கற் கட்டடங்களோடு கூரை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. மழைநீர் வடிவதற்கு ஓட்டின் மேல் விரலால் இழுத்த பள்ளங்களும், மரச்சட்டத்தோடு பிணைப்பதற்கு மேல் முனையில் துளைகளும் அவற்றில் உண்டு. ஓடு வழுக்கி விழாதிருக்க வேண்டும் என்பதும், நீர் தேங்காது ஓடிவிட வேண்டும் என்பதும் அக்காலத்துக் குயவர் நன்கு அறிந்த செய்திகள் என்பது இதனால் தெளிவு.

கெடாவை நினைக்கும்போது தமிழாசிரியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடாரம் என்னும் பெயரே. முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டையொட்டிக் கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்று, கடாரங்கொண்டான் என்ற விருதுப் பெயர் பூண்டான். அவன் தலைநகராகிய கங்கைகொண்ட சோழபுரத்தில், பெரிய கோயிலுக்குத் தென்மேற்கே மாளிகைமேடு என்னும் இடத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறை 1980 முதல் அகழாய்வு செய்துள்ளது. செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகளும், தூண் நிறுத்திய கருங்கல் ஆதாரங்களும், சிறிய தட்டை ஓடுகளும், இரும்பு ஆணிகள் பலவும் அங்கே வெளிப்பட்டன. கல்லாதாரத்தின் மேல் மரத்தூண், தூணின் மேல் மரச்சட்டம், சட்டத்தின் மேல் ஓடு என அம்மாளிகையின் கூரை அமைந்திருக்க வேண்டும் என ஆய்வாளர் கொள்வர்.

இனி, அவன் படை வந்த கெடாவுக்கு வருவோம். மெர்போக் அருகே புக்கிட் பத்து பகாட் மலையடியில் ஒரு சிவன் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. குவாரிச் வேல்ஸ் 1936, 1937ஆம் ஆண்டுகளில் பூசாங் பள்ளத்தாக்கில் நடத்திய ஆய்வில் அது எட்டாவது இடமாகக் குறிக்கப்பட்டது. பின்னர் அலஸ்டர் லாம் 1959, 1960ஆம் ஆண்டுகளில் அதை முறையாக அகழ்ந்து, கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார். அங்கும் நாம் காண்பது கருங்கல் தளமும், மரத்தூணைப் பொருத்தக் குழி வெட்டிய கல்லாதாரங்களுமே. தூணும் இல்லை; கூரையும் இல்லை. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய இடங்களும், படகுத் துறைகளும், செங்கற் கட்டடங்களும் வெளிப்பட்டன. கூரை ஓட்டுத் துண்டுகளும் அங்குக் கிடைத்திருக்கின்றன.

வென்றவன் மாளிகையும் வெல்லப்பட்ட நாட்டின் கோயிலும் இன்று ஒரே நிலையில் உள்ளன. கல் நிற்கிறது, மரம் மண்ணாயிற்று. ஓடு அழியவில்லை, ஆனால் கூரையாக இல்லை. சுட்ட மண் ஆயிரம் ஆண்டு நிற்கவல்லது. அதைத் தாங்கும் மரமோ கவனிப்பாரற்றால் சில பத்தாண்டுகளில் உளுத்துவிடும். ஓட்டுக் கூரையைப் பற்றி நாம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

நகரத்து ஓடுகள்

பிற்காலக் கெடாவில் பெரும்பாலோர் வீட்டுக் கூரை ஓலையாகவே இருந்தது. நீப்பா, ரும்பியா ஆகிய மரங்களின் ஓலையை மடித்துத் தைத்து வேய்வர். மலாய் மொழியில் அத்தாப் என்றால் பொதுவாகக் கூரை; அச்சொல்லை எடுத்துக்கொண்ட மலேசியத் தமிழர் அத்தாப்பு என ஓலைக் கூரைக்கு மட்டும் வழங்கலாயினர். அவர்கள் வந்த காலத்தில் பெரும்பாலும் கண்ட கூரை ஓலையே ஆதலின், பொதுப் பெயர் சிறப்புப் பெயராயிற்று எனக் கருதலாம்.

ஓலைக்குப் பகை நெருப்பு. 1881இல் கோலாலம்பூர் நகரம் எரிந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு நகரத்தைக் கட்டும்படி செய்தார். கெடா அக்காலத்தில் சயாமின் மேலாட்சியில் இருந்தது. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயர் மேலாட்சிக்கு மாறிற்று. ஆயினும் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, கூலிம் முதலிய ஊர்களின் கடைவீதிகளில், பினாங்கில் போலவே, சீனக் கொத்தர்கள் சுட்ட ஓட்டைப் பரப்பினர். அவை நம் நாட்டு ஓட்டுக்கு உறவானவை. வளைந்த சிறு ஓடுகளை ஒரு வரிசை மல்லாத்தியும் ஒரு வரிசை கவிழ்த்தும் அடுக்குவர். வடகிழக்கே சொங்க்லாவில் செய்யப்பட்டு, மலாயாவில் சிங்கோரா ஓடு எனப் பெயர் பெற்ற தட்டை ஓடு வேறொரு வகை. அதன் மேல் முனை கொக்கிபோல் மடிந்து மரச்சட்டத்தில் தொங்கும். மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படியும். கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் பழைய மர வீடுகளில் அதைக் காணலாம்.

நாட்டு ஓட்டைப் பிணைக்க ஆணி இல்லை. அதன் எடையே அதற்குப் பிடிப்பு. ஆதலின் பூனை ஓடினாலும், குரங்கு குதித்தாலும், பெருங்காற்று அடித்தாலும் இடம் பெயரும். தமிழ்நாட்டில் ஓடு பிரித்து மேய்தல் என்பது மழைக்கு முன் செய்யும் வழக்கமான வேலையாக இருந்ததற்குக் காரணம் இதுவே. ஓட்டை இறக்கித் தூசி தட்டி, உடைந்ததை ஒதுக்கி, உளுத்த சட்டத்தை மாற்றி மீண்டும் அடுக்குவர். வேய்தல் என்ற பழஞ்சொல் பேச்சில் மேய்தல் என நின்று இவ்வேலையைக் குறிப்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக் காட்டலாம்.

சீமை ஓடு வந்த வழி

இந்த வேலையைக் குறைத்தது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓடு. பிரான்சு நாட்டின் அல்சாசுப் பகுதியில் அல்ட்கிர்ச் என்னும் ஊரைச் சேர்ந்த கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் இதற்கு உரிமம் பெற்றனர். பின்னர் மார்செய் நகரின் ஆலைகள் இவ்வோட்டைக் கப்பலேற்றி உலகெங்கும் அனுப்பின. இந்தியாவில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்டு 1865இல் மங்களூரில் ஓட்டாலை தொடங்கினார். நேத்திராவதி, குருபுரா ஆறுகளின் களிமண்ணும், மலைக்காட்டு விறகும், துறைமுகமும் ஓரிடத்தில் வாய்த்தமையால் அத்தொழில் விரைவில் பெருகிக் கோழிக்கோடு வரை பரவிற்று. இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்கா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளுக்கு ஓடுகள் கப்பலில் சென்றன. கெடாவின் கடல்வாயில் பினாங்கு. 1915இல் அலோர் ஸ்டாரை எட்டிய இருப்புப்பாதை, கனத்த சரக்கு உள்நாட்டுக்குள் செல்வதை எளிதாக்கிற்று.

சீமை ஓட்டின் அமைப்பு எளியது. அடிப்பக்கத்தில் இரண்டு முனைகள் துருத்தி நிற்கும்; அவை ரீப்பர்க் கட்டையில் மாட்டிக்கொள்ளும். இரு பக்கமும் உள்ள வரிப்பள்ளம் அடுத்த ஓட்டின் விளிம்போடு பூட்டிக்கொள்ளும். ஒரு சதுர மீட்டர்க் கூரைக்கு ஏறக்குறைய 15 ஓடுகள் போதும். ஓர் ஓடு 2 முதல் 3 கிலோ எடை இருக்கும். நன்றாக வெந்த ஓட்டைத் தட்டினால் கணீரென ஒலிக்கும். வேகாத ஓடு மந்தமாக ஒலிப்பதோடு நீரையும் மிகுதியாகக் குடிக்கும். இந்தியத் தர நிர்ணயம் மங்களூர் ஓட்டின் முதல் தரத்துக்கு 18 விழுக்காடும், அடுத்த தரத்துக்கு 20 விழுக்காடுமே நீரேற்றம் இருக்கலாம் என வரையறுக்கிறது. காய்ந்த கூரையை விட மழையில் ஊறிய கூரை எவ்வளவு கனக்கும் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக் கொள்ளலாம்.

தோட்டத்தில் யாருக்கு ஓடு?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக் கூரைகளைப் பார்த்தாலே அங்கு வாழ்ந்தோரின் படிநிலை தெரிந்துவிடும். மேட்டில் துரையின் பங்களா. அகன்ற தாழ்வாரமும் உயர்ந்த ஓட்டுக் கூரையும் அதற்குப் பெரும்பாலும் உண்டு. கிராணியின் வீடு அதற்கு ஒரு படி கீழ். பள்ளத்தில் நீண்ட லயங்கள். அவற்றின் கூரை முதலில் அத்தாப்பு, பின்னர்த் தகரம்.

இதற்குச் சிக்கனம் ஒரு காரணமென்றால் எடை மற்றொரு காரணம். ஓட்டுக் கூரை சதுர மீட்டருக்கு 30 முதல் 45 கிலோ கனக்கும். நெளிதகரம் 5 கிலோ அளவே கனக்கும். ஓட்டைத் தாங்கப் பருத்த கைமரமும் நெருங்கிய ரீப்பரும் வேண்டும்; தகரத்துக்கு மெல்லிய சட்டம் போதும். 1829இல் இலண்டனில் ஹென்றி பாமர் உரிமம் பெற்ற இந்த நெளிதகரம், விரைவாகவும் மலிவாகவும் ஆட்களைக் குடியேற்ற விரும்பிய எல்லா நாட்டுத் தோட்ட முதலாளிகளுக்கும் கைகொடுத்தது. ஆனால் விடியுமுன் எழுந்து பால்வெட்டிவிட்டு நண்பகலில் திரும்பியவர், சூடேறிய தகரத்தின் கீழ்தான் உண்டு படுக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் தகரத்தின் ஓசையில் அருகிலிருப்பவர் பேசுவதும் கேளாது. ஓடு வெயிலை மெல்ல வாங்கும். இடைவெளிகளின் வழியே காற்றை விடும். வெப்ப நாட்டுக்கு ஏற்ற கூரை எதுவென்று கட்டியவர்கள் அறியாதவர்களல்லர். பங்களாவின் கூரையே அதற்குச் சான்று.

ஆயினும் தோட்டத் தமிழருக்கு ஓடு முற்றிலும் அயலானதன்று. மாரியம்மன் கோயில், மருந்தகம், பள்ளிக்கூடம் ஆகியவற்றுள் சில ஓட்டுக் கூரை பெற்றன. தமக்கென ஓடு இல்லாதவர்கள் தம் தெய்வத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஓடு தேடியதை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது.

ஓட்டின் பகைவர் யார்?

குளிர்நாட்டில் ஓட்டுக்குப் பெரும்பகை பனி. ஓடு குடித்த நீர் உறைந்து விரியும்போது ஓடு செதில் செதிலாகப் பிளந்துவிடும். கெடாவில் அந்த அச்சம் இல்லை. ஆதலின் நன்றாக வெந்த ஓடு இங்கே ஒரு நூற்றாண்டு நிற்பது வியப்பன்று. இங்கே முதலில் கெடுவது மரமும் ஆணியும் காரையுமே.

கரையான் முதற்பகை. மலாயாக் காட்டின் செங்கால் மரம் கரையானுக்கு எளிதில் இடங்கொடாது; மெராந்தி போன்ற மெல்லிய மரம் நனைந்தால் விரைவில் கெடும். ரீப்பர் ஓரிடத்தில் உளுத்தால் அவ்வரிசை ஓடு சரியும். சரிந்த இடத்தில் நீர் இறங்கி அடுத்த கட்டையையும் உளுக்கும். முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் காரை வெடிப்பது இரண்டாவது. அவ்வெடிப்பில் காக்கை இட்ட விதையிலிருந்து அரசும் ஆலும் முளைக்கும். சுண்டுவிரல் அளவில் பிடுங்காத செடி, பின்னர்ச் சுவரையே பிளக்கும். மூன்றாவது பாசியும் சருகும். அவை வரிப்பள்ளத்தை அடைத்து நீரைத் தேக்கும். தேங்கிய நீர் ஓட்டின் அடியே ஏறி மரத்தை நனைக்கும். நான்காவது மனிதனின் காலடி. ஒழுகலைத் தேடி ஏறியவர் மிதித்து உடைத்த ஓடு, ஒழுகிய ஓட்டைவிட மிகுதியாயிருப்பது உண்டு.

ஆண்டுக் கணக்கு

கெடாவில் கூரையைப் பேணுவதற்கு இயற்கையே ஒரு நாட்காட்டி வகுத்துத் தந்திருக்கிறது. சனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நாளே கூரையைப் பார்க்கவும் ஏற்ற நாள். உச்சி வெயிலில் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள்ளிருந்து மேலே நோக்க வேண்டும். ஒளிப்புள்ளி தெரியும் இடத்தில் ஓடு விலகியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. கட்டையில் கறை தெரிந்தால் அங்கே நீர் இறங்குகிறது. இவ்வாறு கீழிருந்தே குறித்துக்கொண்டு ஏறினால் தேவையற்ற மிதிப்பு இல்லை. ஏறும்போது ஓட்டின் நடுவில் கால் வைக்காமல், ரீப்பரின் மேல் படிந்த பகுதியில் பலகை போட்டு மிதிக்க வேண்டும். ஈர ஓட்டில் ஏறவே கூடாது.

பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்க்கும். தோட்டத்துக் கூரைகளில் சருகு நிறைவது அப்போதுதான். சித்திரையில் மழை மீண்டும் வலுக்கும். ஆகவே பங்குனிக்குள் ஒருமுறை கூரையையும் நீர்த்தாரையையும் கூட்டிவிட வேண்டும். தோட்டக் கோயிலில் திருவிழாவுக்கு முன் செய்யும் துப்புரவோடு இதையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு வேலையும் ஒன்றாய் முடியும். செப்டம்பர் முதல் வரும் பெருமழைக்கு முன் மற்றொரு முறை பார்த்தால் போதும்.

பாசியைக் காய்ந்த பின் மரச்சீவலாலும் தும்புத் தூரிகையாலும் நீக்கலாம். கம்பித் தூரிகையும், விசையோடு பீறிடும் நீர்க்குழாயும் ஓட்டின் மேற்பரப்பைச் சுரண்டிவிடும். பிறகு பாசி முன்னினும் விரைவாகப் பிடிக்கும். முகட்டுக்குச் சுண்ணாம்பு கலந்த காரையே நல்லது. வெறும் சிமெண்டு கல்லாக இறுகி, வெயிலில் ஓடு அசையும்போது விட்டுக்கொடாமல் அதைப் பிளந்துவிடும். மாற்று ஓடு எடுத்து வைத்திருப்பதும் இன்றியமையாதது. ஓர் ஆலையின் ஓட்டில் உள்ள பள்ளம் மற்றோர் ஆலையின் ஓட்டோடு பூட்டிக்கொள்ளாது. ஆதலின் பழைய கட்டடம் எதையேனும் இடிக்கும்போது அதன் ஓடுகளை எறியாமல் எண்ணி அடுக்கி வைப்பவர், அதே முத்திரை கொண்ட கூரை வேறெங்கோ இருப்பின் அதன் ஆயுளை நீட்டிக்கிறார்.

அந்தக் கை யாருடையது?

இத்தனையும் ஓராண்டில் சில நாள் வேலையே. இருந்தும் தோட்டத்துக் கூரைகள் விழுந்தது ஏன்? லயத்தில் வாழ்ந்தவருக்குக் கூரை சொந்தமன்று. ஒழுகினால் கிராணியிடம் சொல்லிக் காத்திருக்க வேண்டும். 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, யாரிடம் சொல்வது என்பதும் தெரியாமற் போயிற்று. அந்நிலையைக் கண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகத் தொழிலாளர் பங்கு சேர்த்தது நிலத்துக்காக மட்டுமன்று. தம் தலைக்கு மேலுள்ளதைப் பேணும் உரிமைக்காகவும் எனலாம். பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. மக்கள் சுங்கைப் பட்டாணி போன்ற நகரங்களின் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். ஆள் நீங்கிய கூரையைக் கூட்டுவாரில்லை, செடி முளைத்தது, கட்டை உளுத்தது, நன்றாயிருந்த ஓடு மண்ணில் விழுந்து சில்லாயிற்று.

எஞ்சியுள்ள கோயில்களும் பழைய பள்ளிக் கட்டடங்களும் பழுது பார்க்கப்படும்போது, ஓட்டை இறக்கி உலோகத் தகடு போடுவதே எளிது என்ற எண்ணம் மேலோங்கியிருக்கிறது. தகட்டுக்கும் பயன் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் முடிவு செய்வதற்கு முன் பழுது ஓட்டிலா கட்டையிலா என்று பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் கட்டையிலேயே இருக்கும். கட்டையை மாற்றி அதே ஓட்டை ஏற்றினால் அக்கூரை இன்னும் ஒரு தலைமுறை நிற்கும்.

தமிழாசிரியர்கள் இதில் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. இறக்கிய ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் ஆலையின் பெயரும் ஊரும் முத்திரையாக இருப்பது வழக்கம். மாணவரைக் கொண்டு அவற்றைப் படியெடுத்து, எந்தக் கட்டடம், எந்தத் தோட்டம் என எழுதி வைத்தால், கெடாத் தமிழரின் வாழ்விடங்களுக்கு ஓர் ஆவணம் கிடைக்கும். ஏட்டில் எழுதப்படாத தோட்டங்களின் வரலாறு ஓட்டில் எழுதப்பட்டிருக்கக் கூடும்.

காலம் தாழ்த்துதல் நன்றன்று. பூசாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண்ணிட்ட பழங்கோயிலின் அடித்தளம், நிலத்தைச் சமன்படுத்திய இயந்திரங்களால் இடிக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டு இறுதியில் வெளியாயிற்று. பல நூற்றாண்டு மழையைத் தாங்கிய செங்கல், பார்த்துக்கொள்ளும் கண் இல்லாத சில நாளில் அழிந்தது. தோட்டத்துக் கோயிலின் ஓட்டுக்கும் நிலை அதுவே. வரும் தையில் உச்சிவெயில் நேரத்தில் உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்போமாக; ஒளிப்புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.